கரியமில வாயு கூடும்போது மண்ணின் சத்துச் சுழற்சிக்கு என்ன நேர்கிறது?

வடசென்னையில் கரியமில வாயு என்று யாராவது பேச்செடுத்தால், கேட்பவரின் கண் அத்திப்பட்டுப் பக்கத்து அனல்மின் நிலையப் புகைபோக்கிகளை நோக்கித்தான் போகும். ஆனால் அந்தப் புகைபோக்கிகள் வெளியிடுவனவற்றில் எண்ணூரையும் மீஞ்சூரையும் நேராகத் தாக்குபவை சாம்பல்தூளும் கந்தக வாயுவும்தான். நிறமும் மணமும் அற்ற கரியமில வாயு காற்றோடு கலந்து ஓராண்டு அளவில் உலகம் முழுவதும் பரவிவிடுகிறது. நகரக் காற்றில் சற்றே கூடுதலாக இருக்கும் என்றாலும், பொன்னேரி வயல்வெளியின் காற்றிலும் பசிபிக் பெருங்கடலின் நடுவே ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா மலையின் காற்றிலும் இந்த வாயுவின் அளவு ஏறத்தாழ ஒன்றே. அந்த மலையில் 1958இல் சார்லஸ் டேவிட் கீலிங் அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் அது 280 பங்கு அளவில்தான் இருந்தது.

இந்த உயர்வால் புவி சூடாகிறது என்பது பலருக்கும் தெரியும். அதோடு சேர்த்து, 'கரியமில வாயு செடிக்கு உணவு, ஆகவே அது கூடினால் விளைச்சலும் கூடும்' என்ற ஒரு வாதமும் அடிக்கடி காதில் விழுகிறது. அந்த வாதம் பொய்யன்று. ஆனால் அது பாதிக் கதை. மீதிக் கதை மண்ணுக்குள் நடக்கிறது. செடிக்குக் காற்றிலிருந்து கிடைப்பது கரிமம் (கார்பன்) மட்டுமே. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), இரும்பு, துத்தநாகம் ஆகிய அனைத்தும் வேர் வழியாக மண்ணிலிருந்து வர வேண்டும். இட்லிக்கு அரிசியை இரண்டு மடங்காக்கிவிட்டு உளுந்தை அதே அளவில் நிறுத்தினால் மாவு என்ன ஆகுமோ, ஏறக்குறைய அதுதான் கரிமம் மட்டும் கூடி மற்றவை கூடாத செடிக்கும் ஆகிறது. காற்று தருவதை எவ்வளவு தூரம் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதை மண்தான் முடிவு செய்கிறது என்பதே இந்தக் கட்டுரை விளக்க முயலும் செய்தி.

வாயு மண்ணுக்குள் நேராக இறங்கி வேலை செய்வதில்லை

புதிதாக இதைப் படிப்பவர்கள், காற்றில் கூடிய கரியமில வாயு மண்ணுக்குள் புகுந்து அங்கே ஏதோ மாற்றம் செய்கிறது என்று எண்ணிக்கொள்வது உண்டு. உண்மையில், மண் துகள்களின் இடுக்குகளில் இருக்கும் காற்றில் கரியமில வாயு வெளிக்காற்றைவிடப் பத்து மடங்கோ அதற்கும் மேலோ எப்போதுமே இருக்கிறது; ஏனென்றால் வேர்களும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களும் அங்கே இரவும் பகலும் மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கின்றன. அவ்வளவு அடர்த்தியான இடத்தில், வெளிக்காற்றின் அளவு 280லிருந்து 420 ஆவது நேரடியாகப் பெரிய வேறுபாட்டை உண்டாக்காது. மண்ணுக்குச் செய்தி போவது செடியின் வழியாகத்தான். இலை கூடுதலாகச் சர்க்கரை தயாரிக்கிறது, அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு வேருக்கு இறங்குகிறது, வேர் அதில் கொஞ்சத்தை மண்ணில் கசியவிடுகிறது, இலையும் வேரும் இறந்து மண்ணில் மக்குகின்றன. இவற்றுள் ஒவ்வொன்றும் மண்ணின் நுண்ணுயிர்களைத் தொடுகிறது.

இலையில் நடப்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நெல், பயறு, நிலக்கடலை, காய்கறிகள், பெரும்பாலான மரங்கள் ஆகியவற்றில் கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதியான ரூபிஸ்கோ, இன்றைய காற்றில் தன் முழு வேகத்தில் வேலை செய்வதில்லை. வாயு கூடினால் அதன் வேகமும் கூடும். கேழ்வரகு, கம்பு, சோளம், கரும்பு போன்ற பயிர்கள் வாயுவை உள்ளுக்குள்ளேயே செறிவாக்கிக்கொள்ளும் தனி ஏற்பாட்டைக் கொண்டிருப்பதால் அவற்றுக்கு இந்த ஆதாயம் மிகக் குறைவு. இரண்டு வகைகளிலும் இலைத்துளைகள் ஓரளவு சுருங்குவதால் நீர் ஆவியாவது குறைந்து, மண்ணில் ஈரம் கூடுதல் நாள் நிற்கிறது. வறண்ட இடங்களில் இந்த ஒன்றே பெரிய நன்மையாக அமையலாம்.

மண்ணில் சத்து எப்படிச் சுழல்கிறது

தழைச்சத்தை எடுத்துக்கொள்வோம். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் இறுகப் பிணைந்திருப்பதால் செடியால் அதைத் தொட முடியாது. மண்ணிலிருக்கும் தழைச்சத்திலும் மிகப் பெரும்பங்கு மக்கிய கரிமப் பொருளுக்குள் சிக்கிக் கிடக்கிறது. நுண்ணுயிர்கள் அந்தப் பொருளைத் தின்று சிதைத்து, தமக்குத் தேவையானதுபோக எஞ்சியதை அம்மோனியமாக வெளியே விட்டால்தான் வேர் அதை உறிஞ்ச முடியும். இதைக் கனிமமாதல் என்கிறோம். அந்த அம்மோனியத்தை வேறு சில நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. செடி இரண்டையும் எடுத்துக்கொள்ளும். பிறகு செடி இறந்து மண்ணில் விழ, சுழற்சி மறுபடி தொடங்குகிறது.

இந்தச் சுழற்சியில் நுண்ணுயிர்கள் செடிக்காக உழைப்பவை அல்ல என்பதை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. அவை தம் பசிக்குத் தின்கின்றன. அவற்றின் உடலில் சுமார் 8 பங்கு கரிமத்துக்கு 1 பங்கு தழைச்சத்து இருக்கிறது. தின்னும் கரிமத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மூச்சாக விட்டுவிட்டு மீதியைத்தான் உடலாக்கிக்கொள்கின்றன. ஆகவே 24 பங்கு கரிமத்துக்கு 1 பங்கு தழைச்சத்து என்ற அளவில் தீனி அமைந்தால் கணக்கு சரியாகிவிடும். தீனியில் தழைச்சத்து அதைவிட அதிகமாக இருந்தால், மிச்சம் மண்ணுக்கு வந்து செடிக்குக் கிடைக்கும். கரிமம் மிகுந்து தழைச்சத்து குறைவாக இருந்தால், நுண்ணுயிர்கள் பற்றாக்குறையைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். செடிக்குப் போக வேண்டியது அவற்றின் உடலுக்குள் முடங்கிவிடும்.

இந்த முடக்கத்தைக் கண்ணால் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. பெரம்பூரிலோ தண்டையார்பேட்டையிலோ மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களில் பலர் இதைப் பார்த்தே இருப்பார்கள். மரவாடியில் கிடைக்கும் மரத்தூளையோ, மக்காத தென்னை நார்க்கழிவையோ தொட்டி மண்ணில் தாராளமாகக் கலந்து கத்தரியோ வெண்டையோ நட்டால், சில வாரங்களில் செடி வெளுக்கத் தொடங்கும். முதலில் அடியிலைகள் மஞ்சளாகும், நுனியிலை மட்டும் பச்சையாக நிற்கும். ஏனென்றால் தழைச்சத்து போதாதபோது செடி பழைய இலையிலிருந்து அதை இழுத்துப் புதிய தளிருக்கு அனுப்புகிறது. மண்ணில் சத்தே இல்லாமல் போய்விடவில்லை. மரத்தூளில் ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சில நூறு பங்கு கரிமம் இருப்பதால், அதைத் தின்னப் புறப்பட்ட நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்த தழைச்சத்து முழுவதையும் வளைத்துக்கொண்டன. அதே தொட்டியை நீர் தெளித்துச் சில மாதம் அப்படியே விட்டுவைத்தால், தீனி தீர்ந்து நுண்ணுயிர்கள் மடிய, முடங்கியிருந்த சத்து மெல்லத் திரும்பி வரும். மாதவரம் பால் பண்ணைப் பக்கமிருந்து தொழுவுரம் வாங்கிக் கலப்பவர்களின் தொட்டியில் இந்தக் கோளாறு வராததற்கும் இதே கணக்குதான் காரணம். மக்கிய சாணத்தில் கரிமத்துக்கு ஈடாகத் தழைச்சத்தும் இருக்கிறது.

கூடுதல் கரிமம் வந்தால்

இப்போது கரியமில வாயுவுக்குத் திரும்புவோம். வாயு கூடிய காற்றில் வளரும் செடி அதிகக் கரிமத்தைச் சேர்க்கிறது. ஆனால் மண்ணிலிருந்து எடுக்கும் தழைச்சத்து அதே விகிதத்தில் கூடுவதில்லை. அதனால் இலையின் ஒவ்வொரு கிராமிலும் தழைச்சத்தின் பங்கு குறைகிறது. அந்த இலை மண்ணில் விழும்போது நுண்ணுயிர்களுக்குக் கிடைப்பது, மரத்தூள் அளவுக்கு இல்லாவிட்டாலும், முன்பைவிடக் கரிமம் மிகுந்த தீனி. தொடக்கத்தில் ஆய்வாளர்கள் இந்த விளைவு மிகப் பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் மரங்கள் இலையுதிர்க்கும் முன் அதிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதியைத் தாமே திரும்ப எடுத்துக்கொள்வதால், உதிர்ந்த இலைகளில் வேறுபாடு பச்சை இலைகளில் தெரிந்த அளவுக்கு இல்லை. இலைச்சருகின் தரத்தைவிட அதன் அளவும், வேர்களின் கசிவும் முக்கியமானவை என்பது பின்னர்தான் தெளிவாயிற்று.

கரிமம் கூடக் கூட, அதிகமாக வளர்ந்த மரத்திலும் வேரிலும் மண்ணின் கரிமப் பொருளிலும் தழைச்சத்து நீண்ட காலத்துக்குப் பூட்டப்பட்டுவிடுகிறது. ஒவ்வோராண்டும் சுழற்சியில் திரும்பி வரும் அளவு குறைந்துகொண்டே போக, முதல் சில ஆண்டுகளில் செழித்த வளர்ச்சி பிறகு தளர்கிறது. இதைப் படிப்படியாக இறுகும் தழைச்சத்துத் தட்டுப்பாடு என்று 2004இல் யிச்சி லுவோவும் அவருடன் பணியாற்றியவர்களும் விளக்கினார்கள். காட்டில் அப்படித்தான் நடக்கிறதா என்பதைச் சோதிக்க, கண்ணாடிக் கூண்டுக்குள் வளர்க்கும் சிறு செடிகள் போதாது. ஆகவே திறந்த வெளியில் வளரும் மரங்களைச் சுற்றி வட்டமாக உயரமான குழாய்களை நிறுத்தி, காற்று வீசும் திசைக்கேற்பக் கரியமில வாயுவைப் பாய்ச்சி, வட்டத்தின் நடுவே மட்டும் அதன் அளவை உயர்த்தி வைக்கும் பெரும் சோதனைகள் பல நாடுகளில் நடத்தப்பட்டன.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்னுமிடத்தில் ஸ்வீட்கம் மரத் தோப்பில் 1998இல் தொடங்கிய சோதனை இவற்றுள் மிகவும் பேசப்பட்டது. கூடுதல் வாயு பெற்ற மரங்களின் உற்பத்தி, சாதாரணக் காற்றில் நின்றவற்றைவிட 2001 முதல் 2003 வரை சுமார் 24 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 2008இல் அந்த ஆதாயம் 9 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. மண்ணில் கிடைக்கும் தழைச்சத்து குறைந்து வந்ததே காரணம் என்பதை அளவீடுகள் காட்டின. ஆனால் வட கரோலினாவில், டியூக் பல்கலைக்கழகக் காட்டின் லாப்லாலி பைன் மரங்களுக்கு 1996 முதல் 2010 வரை அதேபோல் வாயு கொடுத்தபோது, வளர்ச்சி ஆதாயம் இறுதிவரை நீடித்தது. அங்கேயும் மண் வளமானதன்று. ஒரே கோட்பாடு, பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள், எதிரெதிர் விடைகள். இந்த வேறுபாட்டை ஆராய்ந்தபோதுதான் இத்துறையின் மிகச் சுவையான பகுதி வெளிப்பட்டது.

வேர் செலவழித்து வாங்குவது

பைன் மரத்தின் வேர்கள் கூடுதல் சர்க்கரையை மண்ணில் கசியவிட்டன. எளிதில் செரிக்கும் அந்தத் தீனியால் தூண்டப்பட்ட நுண்ணுயிர்கள், அதுவரை சீண்டாமல் விட்டிருந்த பழைய மக்குப் பொருளையும் நொதிகளைச் சுரந்து உடைக்கத் தொடங்கின. அதற்குள் அடைபட்டிருந்த தழைச்சத்து வெளிவந்தது. அதாவது மரம் தன்னிடம் மிகுந்திருந்த கரிமத்தைக் கொடுத்துத் தன்னிடம் இல்லாத தழைச்சத்தை வாங்கிக்கொண்டது. வேரோடு கூட்டு வாழும் பூசணங்களும் இந்தக் கொடுக்கல் வாங்கலில் பங்கேற்கின்றன. பைன், ஓக், யூகலிப்டஸ் போன்றவற்றின் வேர்நுனியை உறைபோல் மூடும் பூசணவகை, மக்கிலிருந்து தழைச்சத்தை எடுத்துத் தருவதில் திறமை மிக்கது. நெல், பயறு, தென்னை உட்பட நம் பயிர்களில் பெரும்பாலானவற்றின் வேருக்குள் நுழைந்து வாழும் வேர் உட்பூசணம் மணிச்சத்தைக் கொண்டுவருவதில் கெட்டியானதே தவிர, மக்கை உடைத்துத் தழைச்சத்து எடுக்கும் திறன் அதற்குக் குறைவு. ஓக் ரிட்ஜின் ஸ்வீட்கம் மரம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. உலகின் பல சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்த சேசர் டெரரின் குழு, தழைச்சத்து குறைந்த மண்ணில் கரியமில வாயுவால் நிலையான வளர்ச்சி பெறுவது முதல் வகைப் பூசணத்தோடு வாழும் செடிகளே என்று 2016இல் வெளியிட்டது.

இந்தப் பேரத்துக்கு ஒரு விலையும் உண்டு. பழைய மக்குப் பொருள் உடையும்போது தழைச்சத்து மட்டும் வெளிவருவதில்லை. பல பத்தாண்டுகளாகச் சேர்ந்திருந்த கரிமமும் கரியமில வாயுவாக மூச்சில் போய்விடுகிறது. செடி மேலே சேர்ப்பதும் மண் கீழே இழப்பதும் ஒன்றையொன்று ஈடுசெய்யக்கூடும். நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்து 2021இல் வெளியான ஆய்வும், செடிகளின் உடல் எடை நன்றாகக் கூடிய இடங்களில் மண்ணின் கரிமம் கூடவில்லை, எடை அவ்வளவாகக் கூடாத புல்வெளிகளில்தான் மண்ணில் கரிமம் சேர்ந்தது என்று காட்டியது. உலக மண்ணின் மேல் ஒரு மீட்டர் ஆழத்தில் மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் கோடி டன் கரிமம் இருக்கிறது, காற்றிலிருப்பதைவிட அது கணிசமாக அதிகம் என்பதை நினைத்தால், மரம் நட்டாலே போதும், மண் தானாகக் கரிமத்தைச் சேர்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையை எவ்வளவு கவனத்தோடு பேச வேண்டும் என்பது புரியும்.

தழைச்சத்தோடு கதை முடிவதில்லை. ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு மேற்கே, மணிச்சத்து மிகக் குறைந்த பழமையான மண்ணில் நிற்கும் யூகலிப்டஸ் காட்டுக்குக் கூடுதல் வாயு கொடுக்கப்பட்டபோது, இலைகள் சுமார் 12 விழுக்காடு அதிகக் கரிமத்தைப் பிடித்தன. மரங்களோ கூடுதலாக வளரவே இல்லை. பிடித்த கரிமத்தில் பெரும்பங்கு வேர் வழியாக மண்ணுக்கு இறங்கி, நுண்ணுயிர்களின் மூச்சாகத் திரும்பக் காற்றுக்கே போய்விட்டது. மணிச்சத்தைக் காற்றிலிருந்து பிடிக்க எந்த உயிரினத்தாலும் முடியாது. பாறை சிதைந்தோ, உரமாக இட்டோதான் அது மண்ணுக்கு வர வேண்டும். வந்த பிறகும் செங்குன்றம் பக்கத்துச் செம்மண் போன்ற மண்ணில் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் அதை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கால்சியம் பிடித்துக்கொள்கிறது. வேர்கள் சிட்ரிக், மாலிக் அமிலங்களைச் சுரந்து அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன என்பதும், கூடுதல் கரிமம் கிடைத்தால் இந்தச் சுரப்பு கூடக்கூடும் என்பதும் உண்மைதான் என்றாலும், சிட்னிக் காட்டில் அது போதவில்லை.

பயறுக்குக் காற்றே உரமாகுமா

தழைச்சத்துத் தட்டுப்பாட்டிலிருந்து தப்பிக்க இயற்கையிலேயே ஒரு வழி இருக்கிறதே என்று வேளாண்மை தெரிந்தவர்கள் கேட்பார்கள். நெல் அறுவடைக்குப் பின் விதைத்த பச்சைப்பயற்றைப் பூக்கும் பருவத்தில் மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, வேரை நீரில் அலசிப் பார்த்தால், கடுகிலிருந்து மிளகு அளவு வரை உருண்டை முடிச்சுகள் ஒட்டியிருப்பதைக் காணலாம். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் இரத்தச் சிவப்புக்குக் காரணமான பொருளின் உறவினமான ஒரு புரதம் அங்கே ஆக்சிஜன் அளவைக் கட்டுப்படுத்துவதால் வரும் நிறம் அது. அந்நிறம் இருந்தால் முடிச்சுக்குள் ரைசோபியம் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது.

நைட்ரஜனின் பிணைப்பை உடைப்பது மிகுந்த ஆற்றல் கேட்கும் வேலை. அதற்கான சர்க்கரையைச் செடிதான் தர வேண்டும். கரியமில வாயு கூடினால் சர்க்கரையும் கூடும், ஆகவே பயறு வகைகள் இந்த மாற்றத்தில் மற்றப் பயிர்களைவிட ஆதாயம் பெறும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானது. பல சோதனைகளில் அது மெய்யாகியும் இருக்கிறது. ஆனால் ஃபுளோரிடாவில் ஒரு புதர்க்காட்டில், காட்டுப் பயற்றுக்கொடி ஒன்று கூடுதல் வாயுவில் முதலாண்டு அதிக நைட்ரஜனைப் பிடித்துவிட்டு, பிந்தைய ஆண்டுகளில் சாதாரணக் காற்றில் வளர்ந்த கொடியைவிடக் குறைவாகப் பிடித்தது. 2004இல் வெளியான அந்த ஆய்வு, இலைகளில் மாலிப்டினம் என்னும் நுண்சத்து குறைந்திருந்ததைக் காரணமாகக் கண்டது. நைட்ரஜனைப் பிடிக்கும் நொதியின் நடுவில் இருக்க வேண்டிய உலோகம் அது. தேவைப்படுவதோ மிகச் சிறு அளவு. அந்தச் சிறு அளவுகூடக் கிடைக்காதபோது காற்றில் எவ்வளவு கரிமம் இருந்தும் பயனில்லை.

நீர் நிற்கும் வயலில்

பொன்னேரி, மீஞ்சூர் வட்டாரத்து நெல் வயல்களில் சுழற்சி வேறு விதமாக நடக்கிறது. நீர் தேங்கிய சில நாட்களிலேயே சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலமும் வேரைச் சுற்றிய ஓரமும் மட்டுமே விதிவிலக்கு. ஆகவே தழைச்சத்து பெரும்பாலும் அம்மோனியமாகவே நிற்கும். எங்காவது நைட்ரேட்டாக மாறினால், ஆக்சிஜன் இல்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் அதையே சுவாசத்துக்குப் பயன்படுத்தி நைட்ரஜனாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் காற்றுக்கு அனுப்பிவிடும். நீரின் மேல் வளரும் நீலப்பச்சைப் பாசியும் அசோலாவும் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து ஓரளவு ஈடுசெய்கின்றன.

இத்தகைய வயலில் கரியமில வாயு கூடும்போது நெல்வேர்களின் கசிவும் கூடுகிறது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் அந்தக் கரிமத்தின் ஒரு பங்கு மீத்தேனாக மாறி, நெல்லின் தண்டிலுள்ள காற்றறைகள் வழியாகவே வெளியேறுகிறது. கூடுதல் வாயுவால் வயலின் மீத்தேன் உயர்வதைப் பல சோதனைகள் பதிவு செய்துள்ளன. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் ஒரு டன், கரியமில வாயு ஒரு டன்னைவிட ஏறத்தாழ 27 மடங்கு வெப்பமூட்டும். விளைச்சலைப் பொறுத்தவரை, ஜப்பானிலும் சீனாவிலும் நடந்த திறந்தவெளிச் சோதனைகளில், போதுமான தழையுரம் இட்ட வயல்களில் நெல் கூடுதலாக விளைந்தது. உரம் குறைந்த வயல்களில் அந்த ஆதாயம் சுருங்கியது.

அப்படியானால் யூரியாவைக் கூட்டினால் போதாதா என்ற கேள்வி எழும். 1966இல் நிறுவப்பட்ட மணலி உர ஆலையின் யூரியா மூட்டையை வடசென்னைக்காரர்கள் நன்றாக அறிவார்கள். அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் சேர்த்துத்தான் யூரியா செய்யப்படுகிறது. அதில் 46 விழுக்காடு நைட்ரஜன். வயலில் இட்ட சில நாட்களில் மண்ணிலுள்ள யூரியேஸ் நொதி அதை உடைக்க, சேர்த்த கரியமில வாயு அப்படியே காற்றுக்குத் திரும்பி, அம்மோனியம் மட்டும் மண்ணில் நிற்கிறது. இட்டதில் பெரும்பகுதியைப் பயிர் எடுத்துக்கொண்டால் நல்லதுதான். ஆனால் நம் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாகச் சில நாட்களில் கொட்டித் தீர்ப்பதால், சம்பாப் பயிருக்கு மொத்தமாக இட்ட உரம் ஒரே மழையில் கால்வாய்க்குப் போவதும், நனைந்தும் காய்ந்தும் மாறும் மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடாகப் பறப்பதும் எளிது. நைட்ரஸ் ஆக்சைடின் வெப்பமூட்டும் திறன் கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு. ஆகவே உரத்தைப் பயிரின் பருவத்துக்கேற்பப் பிரித்து இடுவதும், நடவுக்கு முன் தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாளை மடக்கி உழுவதும் வெறும் சிக்கன நடவடிக்கைகள் அல்ல. இளம் பசுந்தாளில் தழைச்சத்து மிகுதி என்பதால் அது விரைவில் சத்தை விடும்; ஒரு பங்கு தழைச்சத்துக்கு 60, 70 பங்கு கரிமம் கொண்ட வைக்கோலை மட்டும் மடக்கினால் நடவு முடிந்த முதல் வாரங்களில் மேலே சொன்ன முடக்கம் வரும். வைக்கோலைக் கொளுத்தாமல் மண்ணுக்குத் தருவது நல்லதுதான். ஆனால் மக்குவதற்கு அவகாசம் கொடுத்துத் தர வேண்டும்.

தானியத்துக்குள் போகும் மாற்றம்

என் பார்வையில் இந்த விஷயம் முழுவதிலும் நாம் மிகவும் கவலைப்பட வேண்டிய பகுதி இதுதான். சீனாவிலும் ஜப்பானிலும் திறந்த வயல்களில் 18 நெல் ரகங்களை, காற்றில் பத்து லட்சத்துக்கு 568 முதல் 590 பங்கு கரியமில வாயு இருக்குமாறு வைத்து வளர்த்து, 2018இல் வெளியிட்ட ஆய்வில், அரிசியின் புரதம் சராசரியாக 10.3 விழுக்காடும், இரும்பு 8 விழுக்காடும், துத்தநாகம் 5.1 விழுக்காடும் குறைந்திருந்தன. ஃபோலேட் என்னும் வைட்டமின் 30 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. இந்த நூற்றாண்டின் பிற்பகுதிக்குள் நாம் எட்டக்கூடிய வாயு அளவு அது.

குறைவதற்கு ஒரே காரணம் இல்லை. மாவுச்சத்து கூடுவதால் மற்றவை நீர்த்துப்போவது ஒன்று. இலைத்துளைகள் சுருங்கி நீரோட்டம் குறைவதால், மண்நீரோடு வேர்வரை இழுத்துவரப்படும் சத்துகள் குறைவது மற்றொன்று. இலையில் ரூபிஸ்கோ நொதி குறைவாகவே போதும் என்பதால் செடி தழைச்சத்தைச் சேர்ப்பதையே தணித்துக்கொள்வதும் நைட்ரேட்டைப் புரதமாக்கும் வேலை மந்தமாவதும் இன்னும் இரண்டு. கேழ்வரகு, கம்பு வகையில் சோதிக்கப்பட்ட பயிர்களில் இந்த இழப்பு மிகக் குறைவாகவே காணப்பட்டது என்பதைச் சிறுதானியங்களைப் பற்றிப் பேசுபவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஐந்து விழுக்காடு குறைவு என்பது பலவகை உணவு உண்ணும் வீட்டில் தெரியாமல் போகலாம். வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும், மூன்று வேளையும் ரேஷன் அரிசியை நம்பி, குழம்பும் ஒரு கூட்டும் கிடைத்தால் அதிகம் என்றிருக்கும் வீடுகளில், துத்தநாகமும் இரும்பும் பெருமளவு அந்த அரிசியிலிருந்தே வருகின்றன. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. ரேஷன் கடைகளில் வழங்கப்பட்ட செறிவூட்டப்பட்ட அரிசியில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் வைட்டமின் பி12உம் சேர்க்கப்பட்டன. துத்தநாகம் அந்தப் பட்டியலில் இல்லை.

துத்தநாகத்துக்கு வயலிலேயே செய்யக்கூடியது உண்டு. நீர் தேங்கிய மண்ணில் துத்தநாகம் கரையாத வடிவங்களுக்கு மாறிவிடுவதால், எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் அடியுரமாக இடுவது தமிழ்நாட்டில் நெல்லுக்குப் பழகிய பரிந்துரை. அது பயிரின் பற்றாக்குறையைத் தீர்த்து விளைச்சலைக் காக்கும். ஆனால் மண்ணில் இட்டது அத்தனையும் மணிக்குள் போய்ச் சேர்வதில்லை. கதிர் வெளிவந்த பின், பால் பிடிக்கும் பருவத்தில் துத்தநாக சல்பேட்டின் நீர்த்த கரைசலை மாலை வேளையில் இலைமேல் தெளித்தால்தான் அரிசியின் துத்தநாகம் குறிப்பிடத்தக்க அளவில் உயர்கிறது என்று வெவ்வேறு நாடுகளின் வயல் சோதனைகள் காட்டியுள்ளன. விளைச்சலுக்காக இடுவதும் தானியத்தின் சத்துக்காக இடுவதும் இரண்டு தனி வேலைகள் என்பதால், மண் பரிசோதனை அட்டையைப் படிக்கும்போது தழை, மணி, சாம்பல் வரிசையோடு நிறுத்தாமல் கீழே உள்ள நுண்சத்துகளின் வரிகளையும் பார்த்து, அடியுரத்தையும் இலைத்தெளிப்பையும் தனித்தனியே முடிவு செய்வது இப்போதே தொடங்கக்கூடிய வேலை.